விழுங்கிய பிறகு வரும் கசப்பு

ஜூன் 3, செவ்வாய்

பிளம்பர் இன்றும் வரவில்லை. மாமியாருக்கு இடுப்பு வலி கொஞ்சம் பரவாயில்லை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பால்கனிவரை போனார்.

அச்யுத் ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தார். உள்ளே மீன் தொட்டியில் போடும் தீனி மாதிரி பச்சையாகச் சின்னச் சின்ன உருளைகள். ஹாப்ஸ். ஏதோ குளிர்தேசத்துக் கொடியின் பூவாம். காயவைத்து, இடித்து, அழுத்திச் செய்கிறார்கள். பீரின் கசப்பும் மணமும் இதிலிருந்துதான் வருகிறது.

பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தனபாலன் சாருக்குப் பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டலும் உண்டு. அதன் பின்கட்டில் சின்னதாக ஒரு ப்ரூவரி, பீர் காய்ச்சும் இடம், தொடங்கப்போகிறார். காய்ச்சப்போகிறவன் அஸ்வின், பெங்களூரில் கற்றவன். அச்யுத் வேலையை விட்டுவிட்டு அங்கே "ருசிக்குப் பொறுப்பாக" சேர்வதாகப் பேச்சு.

"எனக்கு எல்லா பீரும் ஒண்ணாத்தான் இருக்கு ஜானு. உனக்குத்தான் அந்த நாக்கு. ஆரம்பிச்சதும் அந்த வேலையை உனக்கே வாங்கித் தரேன்" என்றார்.

வேலை. கிண்டியில் தண்ணீர்ப் பரிசோதனை லேபில் இருந்தேன், மாமனார் படுக்கையில் விழும்வரை. அதற்குப் பிறகு யாரும் அந்தச் சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. இந்த வேலை எனக்கு வேண்டும். இங்கேயாவது ஒளிக்காமல் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

அடையாறு பக்கம் ஒரு ஹோட்டல் பாருக்குக் கூட்டிப்போனார். மயிலாப்பூர் முகம் எதுவும் கண்ணில் படக்கூடாது என்று கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பீரும் லைம் சோடாவும் வந்தன. பரிமாறியவர் கேட்காமலேயே லைம் சோடாவை என் முன்னால் வைத்தார். அவர் நகர்ந்ததும் டம்ளர்களை மாற்றிக்கொண்டோம்.

முதல் வாய் துப்பத்தான் தோன்றியது. காபியின் கசப்பு நாக்கில் பட்டதும் தெரியும், உடனே போய்விடும். இது அப்படியில்லை. வாயில் இருக்கும்வரை ஒன்றுமில்லை. விழுங்கினேன், அதற்குப் பிறகுதான் தொண்டையிலிருந்து ஏறி வந்தது. வீட்டுக்கு வந்து பல் தேய்த்த பிறகும் இருந்தது.

அதில் என்னவோ இருக்கிறது. மறுபடி குடித்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 11

இரண்டு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். ஒன்றில் ஹாப்ஸை முதலிலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். இன்னொன்றில் அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டேன். முதலாவதில் கசப்பு மட்டும், மணமே இல்லை. இரண்டாவதில் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளின மாதிரி வாசனை, கசப்பு பேருக்குத்தான். கொதிக்கக் கொதிக்கக் கசப்பு தண்ணீரில் இறங்குகிறது, மணம் ஆவியாகிப் போகிறது. ரசத்துக்குக் கொத்தமல்லியை ஏன் கடைசியில் போடுகிறோம்? இதற்குத்தானே.

இரண்டையும் டம்ளர்களில் ஊற்றி, ஆறட்டும் என்று மூடி வைத்திருந்தேன். திரும்பி வந்தால் முதல் டம்ளர் காலி. மாமியார் நிலவேம்புக் கஷாயம் என்று நினைத்துக் குடித்துவிட்டார்! எனக்கு உயிரே போய்விட்டது. அவருக்கானால் ஒரே திருப்தி. "நன்னா கசக்கறதுடி. எந்த மருந்துக்கடைல வாங்கினே? ராத்திரிக்கும் கொஞ்சம் வை" என்றார்.

அச்யுத் சிரித்து ஓய அரை மணி ஆயிற்று. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே என்றார். எனக்கும் சிரிப்புதான். அந்த அரை மணி நன்றாக இருந்தது.

ஜூன் 21, சனி

பாண்டிச்சேரி. ப்ரூவரி இன்னும் வெறும் ஷெட்தான், பொம்மனாட்டிகள் உட்கார இடமில்லை என்று ஹோட்டல் அறையிலேயே இருக்கச் சொன்னார் அச்யுத். சோதனைக்குக் காய்ச்சியதை டம்ளர்களில் ஊற்றி, தட்டு போட்டு மூடி மேலே கொண்டுவந்தார். நான் ருசித்துச் சொன்னேன், அவர் போனில் குறித்துக்கொண்டு கீழே போனார்.

கறுப்பு பீர் ஒன்று. கசப்பு முரடு. ஹாப்ஸைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். குறைத்துப் பயனில்லை என்றேன். அது ஹாப்ஸின் கசப்பே இல்லை, வறுத்த தானியத்தின் கசப்பு. "நுரை அடங்கின பிறகும் எண்ணெயிலிருந்து எடுக்காமல் விட்ட சுண்டக்காய் வத்தல்" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

ஜூன் 26

பாகற்காய்ப் பிட்லை. வெல்லம் போடவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

இன்று வந்த பொன்னிற பீரில் ஹாப்ஸ் சரியான அளவு, சரியான நேரம். ஆனாலும் கசப்புக்கு ஒரு முனை இருந்தது; நாக்கின் ஓரத்தைக் கீறியது. எங்கேயோ தெரிந்த முனை. குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் பிடித்ததும் புரிந்துவிட்டது. தண்ணீர்! போர்வெல் தண்ணீரில் சல்பேட் அதிகமாக இருக்க வேண்டும், அது கசப்பைத் தீட்டிவிடும். "ஹாப்ஸைத் தொட வேண்டாம், தண்ணீரை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கோ" என்றேன். எத்தனை காலத்துக்குப் பிறகு, நான் படித்த ஒன்று எனக்கு உபயோகப்பட்டது.

திரும்பும்போது ஈசிஆரில், காரின் ஸ்பீக்கரில் அஸ்வின் அழைத்தான். "தண்ணின்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? உங்க நாக்குக்கு இன்ஷூரன்ஸ் போடணும்" என்றான்.

நான் சிரித்தபடி அச்யுத்தைப் பார்த்தேன். இப்போது சொல்வார் என்று.

"ஏதோ தோணித்துப்பா" என்றார். இண்டிகேட்டர் போட்டு லாரியை ஓவர்டேக் செய்தார்.

ஜூலை 6

கேட்டேன். "இப்போ போய்ச் சொன்னா நன்னாவா இருக்கும்? லைசென்ஸ் வரட்டும். பொண்டாட்டி குடிக்கறான்னு முதல்லயே ஆரம்பிக்கணுமா?"

குடிக்கறா. ருசி பார்க்கறா இல்லை. குடிக்கறா.

அவர் பெசன்ட் நகர் நண்பர்கள் வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமைதோறும் செய்துகொண்டிருந்ததற்கு மட்டும் பேர் "கம்பெனி கொடுக்கறது". கீழே ஹாலில் நாங்கள் மோர் குடித்துக்கொண்டு, மாடியில் என்ன நடக்கிறது என்று தெரியாத மாதிரி பாட்டு க்ளாஸ் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

ஜூலை 19, சனி

இன்றும் போனேன். ஏன் போனேன்?

அவருக்காக இல்லை. அந்தப் பொன்னிற பீருக்காக. அஸ்வின் கடைசி நிமிடத்திலும், ஆறின பிறகு தொட்டியிலும் ஹாப்ஸ் போட்டிருக்கிறான். மூக்கருகே கொண்டுபோனதும் எலுமிச்சை இலையைக் கசக்கின வாசனை, கொஞ்சம் பழுத்த மாம்பழம். பிறகு சுத்தமான கசப்பு, நடுவில் நேராக, முனையில்லாமல். முதல் நாள் துப்பத் தோன்றியதே, அதே கசப்பு. இப்போது அது வரும்வரை காத்திருக்கிறேன், கொஞ்சம் தாமதமானாலும் தேடுகிறேன். அறையில் தனியாக உட்கார்ந்து டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி வந்த தட்டு கட்டில்மேல் கிடந்தது.

கீழே அவர்கள் சிரிப்பது கேட்டது. இந்த பீரைப் பற்றி நான் சொன்னதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

தி. நகரில் தனபாலன் வீட்டில் மதியச் சாப்பாடு. லைசென்ஸ் வந்துவிட்டதற்காக. எங்களுக்காகவே வெங்காயம்கூட இல்லாமல் சமைத்திருந்தார் அவர் மனைவி மீனாட்சி. லைசென்ஸ் வரட்டும் என்றாரே அச்யுத், வந்துவிட்டது, இன்று சொல்வார் என்று நம்பித்தான் போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன்.

இலையில் உட்கார்ந்ததும் தனபாலன், "மேடமும் நம்ம சரக்க ருசி பாத்தாங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

"ஐயோ, எங்காத்துல அவ இதெல்லாம் கிட்டயே வரமாட்டா" என்றார் அச்யுத். கண்ணைக்கூட என் பக்கம் திருப்பவில்லை.

நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பெருமை பிடிபடாமல் தனபாலன் போனை எடுத்து, "சார் எழுதுறதக் கேளேன்" என்று மனைவிக்குப் படித்துக் காட்டினார். நுரை அடங்கின பிறகும் எண்ணெயிலிருந்து எடுக்காமல் விட்ட சுண்டக்காய் வத்தல். ஒரு எழுத்து மாறவில்லை.

மீனாட்சி கரண்டியோடு நின்றுவிட்டார். "எனக்கும் எப்பவும் கருகித்தான் போவுது. பதம் தாண்டுறத எத வச்சு சார் கண்டுபிடிக்கீக?"

"கறுப்பாயிடும். அப்போ எடுத்துடணும்."

"அது கடையில வாங்கும்போதே கறுப்புதான சார்?"

தனபாலன் வாய்விட்டுச் சிரித்தார். அச்யுத்தும் சிரித்தார். மீனாட்சி சிரிக்கவில்லை. எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "நீங்க எப்படி மாமி?" என்றார்.

யோசிக்கவில்லை. வந்துவிட்டது. "சத்தம் குறையும். எண்ணெய்ல நுரை அடங்க ஆரம்பிக்கும். முழுக்க அடங்கறதுக்குள்ள எடுத்துடணும்."

தனபாலன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு இலையைப் பார்த்தார். அச்யுத் கலந்த சாதத்தையே கலந்துகொண்டிருந்தார். மீனாட்சி, "மோர் விடட்டுமா சார்?" என்றார், அவ்வளவு மரியாதையாக.

ஆகஸ்ட் 11

நேற்று கார் அண்ணாசாலை தாண்டியதும் அச்யுத் ஆரம்பித்தார்:

"வேணும்னே பண்ணினே."

"வத்தல் வறுக்கறதைப் பத்தித்தானே சொன்னேன்?"

"அதான். அதைத்தான் சொல்றேன்."

பொறுப்பு, அவமானம், நண்பர்கள் முன்னால் இனி எந்த முகத்தோடு — வீடு வந்தும் நிற்கவில்லை. எங்காத்துல அவ கிட்டயே வரமாட்டான்னு சொன்னது யாரு? மாடிக்கு மூடி மூடிக் கொண்டுவந்து கொடுத்தது யாரு? கேக்கணும்னு இருந்தது, கேக்கலை. அவன் — அவன் என்றே எழுதுகிறேன், இன்றைக்கு ஒரு நாள் — தான் திருடினோம் என்றுகூடத் தோன்றவில்லை அவனுக்கு. வீட்டில் இருக்கிற சாமானை எடுத்துப் போன மாதிரி.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஹாப்ஸ் எதற்கென்பதையும் சேர்த்து. காலையில் என்னைக் கூப்பிட்டு, "நீ பண்ணினது தப்புன்னு சொல்லலை. ஆனா அவன் மூஞ்சி வாடிப்போச்சு பாரு" என்றார். என் மூஞ்சியை யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது பூதானே? சாராயம் இல்லையே? அப்போ ராத்திரிக்கு வை" என்றார்.

வைத்தேன்.

ஆகஸ்ட் 13

மீனாட்சி போன் செய்தார். சனிக்கிழமை நானே ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்து சொல்ல வேண்டுமாம். வேலை என்னுடையது, பெயரும் என்னுடையது. சார் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

"எங்க கடையில சேலைக்குக் கலரு எடுக்கிறது பூரா நான்தான் மாமி. கல்லாவுல உக்காந்து இவுகதான் பாராட்டு வாங்கிக்கிடுவாக. முப்பது வருசமாச்சு. எனக்கு விட்டுப்போச்சு. நீங்க விட்ராதீங்க."

அச்யுத்திடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். ஆபீஸ் வேலையை விடவில்லையாம். டிவியில் கிரிக்கெட். நீங்களும் வாங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ?

ஆகஸ்ட் 16, சனி

பஸ்ஸில் தனியாக. ஷெட்டில் உட்கார இடம் இருக்கிறது. நாற்காலிகள், மேசை, மின்விசிறி. எல்லாமே முதலிலிருந்தே இருந்தனவாம்.

அஸ்வினுக்கு என் முகத்தைப் பார்க்கச் சங்கடம். கறுப்பு பீரை நீட்டிவிட்டு எங்கேயோ பார்த்தான். தானியத்தின் வறுவல் குறைந்திருந்தது. சரியாக வந்திருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 6

தனபாலனுக்குப் பொன்னிற பீரின் கசப்பைக் குறைக்க வேண்டும். நம்ம ஜனங்களுக்கு ஒத்துக்காது என்கிறார். பாகற்காயும் சுண்டைக்காயும் வேப்பம்பூவும் தின்கிற ஜனத்துக்கா ஒத்துக்காது என்றேன். குறைக்கவில்லை.

வீட்டில் இதைச் சொல்ல ஆளில்லை. முன்பு இதையெல்லாம் கேட்டுச் சிரிக்க ஒருவர் இருந்தார். அவரைப் பிடித்திருந்தது எனக்கு.

செப்டம்பர் 15

மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சாப்பாடு போட்டேன். என்னையும் சேர்த்து.

செப்டம்பர் 27, சனி

கோயம்பேட்டிலிருந்து வந்து சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. லிஃப்டில் எதிர் ஃப்ளாட் ஜெயஸ்ரீ மாமி, கையில் துளசி மாலை.

"மணக்குளப் பிள்ளையார் தரிசனம் நன்னா ஆச்சா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "அச்யுத் சொன்னான், நீ வாராவாரம் பாண்டிச்சேரி கோவிலுக்குப் போறயாமே. புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமா, பெருமாளை விட்டுட்டுப் பிள்ளையாரா? அப்படி என்னடி வேண்டுதல்?"

வாராவாரம் இதையா சொல்லிக்கொண்டிருக்கிறார், இந்த மாடிக்கு, இந்தத் தெருவுக்கு. ஆமாம் மாமி என்று ஒரு வார்த்தை போதும். வாயில் வந்துவிட்டது அது.

"வேண்டுதல் இல்லை மாமி. வேலை. பீர் ருசி பார்க்கற வேலை."

மூன்றாவது மாடி வந்தது. கதவு திறந்தது. இரண்டு பேருமே இறங்கவில்லை. கதவு தானாக மூடிக்கொண்டது, யாரோ கீழே பட்டனை அழுத்தியிருக்க வேண்டும், மறுபடி தரைத்தளம்வரை போய்வந்தோம். மாமி துளசி மாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அச்யுத்திடம் சொன்னேன். மாமி கேட்டார், சொல்லிவிட்டேன் என்று.

டிவியை அணைத்தார். பிறகு, "இனிமே நான் எப்படி அந்த லிஃப்ட்ல போறது?" என்றார்.

"படி இருக்கு" என்றேன்.