பதினான்காம் எண் கம்பி

மார்ச் 4
முழங்கால் வலி. மூக்குக்கண்ணாடி வழக்கம்போல வைத்த இடத்தில் இல்லை. தம்பி மகனின் மூன்று வயது வாலு அதை மாட்டிக்கொண்டு, என் கட்டிலில் புத்தகத்தைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

மலவாய் இல்லாமல் பிறந்த குழந்தை. பிறந்த மறுநாளே மலம் போக வயிற்றில் துளையிட்டுப் பை மாட்டினார்கள். இந்த ஜனவரியில்தான் மலவாய் அமைத்தார்கள். அது சுருங்காதிருக்க, காலை மாலை உலோகக் கம்பி விட்டு விரிக்க வேண்டும். வாரந்தோறும் சற்றுப் பெரிய கம்பி. பதினான்காம் எண் தடையின்றிப் போனால் பைக்கு விடுதலை. போய்விட்டதாக அவள் அம்மா சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மார்ச் 11
மருத்துவமனை. பத்தாம் எண் கம்பியையே விட முடியாமல் மருத்துவர் நிமிர்ந்தார். "வீட்டுல எது போகுதுன்னு சொன்னீங்க?" தம்பி மகன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

தழும்பு இறுகிவிட்டது. மயக்கம் கொடுத்து ஒருமுறை விரிப்பார்கள். மறுபடி இறுகினால் அறுத்து, முதலிலிருந்து. "அப்பவும் சரியா வரும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்மா" என்றார். நேர்மையான மனிதர். செய்திதான் பிடிக்கவில்லை.

மார்ச் 12
பெரிய கம்பிகள் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கின்றன.

"சின்னது போதும்மான்னு கெஞ்சுவா அத்தை. சின்னதையே போட்டேன். அப்புறம் அதையும் விட்டு விட்டு..." என்றாள் அவள் அம்மா.

"நீ எங்கடா போன?"

"அந்த நேரத்துக்குத்தான் பால் வாங்கப் போவேன் அத்தை."

காலையும் பால், மாலையும் பால். இந்த வீட்டில் யார் குடித்தார்களோ.

திட்ட வாயெடுத்தேன். எதற்கென்று திட்டுவது — குழந்தையின் அழுகையைத் தாங்க முடியாததற்கா?

மார்ச் 20
விரித்தாயிற்று. குழந்தைக்குக் காய்ச்சல்.

மார்ச் 26
இனி நான் செய்வதாகச் சொல்லிவிட்டேன். கல்லூரியில் விலங்கியல் நடத்திய கை; நடுங்காது.

"உங்களுக்கு எதுக்கு அத்தை இந்தப் பாவம்?"

"அவ யாரையாவது வெறுத்துத்தான் ஆகணும். நீ அவளுக்கு ஆயுசுக்கும் வேணும். என்னை வெறுத்துட்டுப் போகட்டும்."

செவிலி கற்றுக்கொடுத்தாள்: நிறையக் களிம்பு, அவசரமே கூடாது. குழந்தையின் கால்களைத் தம்பி மகன் பிடித்துக்கொள்ள வேண்டும். பால் பிறகு.

மார்ச் 27
முடியவில்லை. இல்லை, முடித்தேன்.

"பாட்டி வேணாம் பாட்டி, நான் நல்ல புள்ளையா இருக்கேன்." நல்ல புள்ளையா இருந்தா இது நின்னுடும்னு யாருடி உனக்குச் சொன்னது?

தவளைகளை அறுத்திருக்கிறேன். அவை என்னை உறவு சொல்லி அழைத்ததில்லை. கம்பியை மூன்று முறை கழுவினேன்.

ஏப்ரல் 9
பன்னிரண்டு. என் செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள்.

மே 6
பதினான்கு. மருத்துவர் கையாலும் போயிற்று. என்னிடம் "நீங்க டாக்டரா?" என்றார். பாராட்டாம்.

ஜூன் 19
பையை எடுத்து, வயிற்றுத் துளையைத் தைத்து, வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். காலையில் அவள் அம்மா மூச்சிரைக்க வந்தாள். "அத்தை, தானாவே வெளிக்குப் போயிட்டா." அடக்கும் திறன் வருமா என்பது வளர்ந்த பிறகே தெரியும், அதை இன்று அவளிடம் நினைவூட்டவில்லை.

அவர்கள் அறைக்குப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் கதவை அறைந்து சாத்தினாள். நல்ல வேகம், உடம்பில் தெம்பு வந்திருக்கிறது.

இப்போதெல்லாம் மூக்குக்கண்ணாடி வைத்த இடத்திலேயே இருக்கிறது.