டில்டா ஃப்ரோஸின் அட்டை

அக்டோபர் 9, செவ்வாய்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். என் அக்கா மகள் லரிசா ரெஜைனாவில் கம்பெனி தொடங்கிய அன்றே, அந்தப் புது அலுவலக வாசலில் நின்று, "பார்த்துக்கிட்டே இரு, ஒருநாள் இந்த மாமாவைத்தான் தேடி வருவே" என்றேன். நேற்று நன்றி நாள் விருந்தில், நான் வான்கோழியை வெட்டிக்கொண்டிருந்தபோது வந்தாள். கெஞ்சினாள். சரி, கெஞ்சவில்லை. "போன் எடுக்க ஆள் இல்ல மாமா. மார்ச் வரைக்கும் வர்றீங்களா?" என்றாள். அவள் கெஞ்சுவது அப்படித்தான் இருக்கும்.

நாற்பத்தோரு வருடம் தானிய லாரி ஓட்டியவன் நான். இந்தச் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நான் காபி குடிக்காத ஊர் கிடையாது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. படித்தவர்கள் என்னிடம் வழி கேட்பது மட்டும் நின்றதே இல்லை.

அக்டோபர் 12, வெள்ளி

கம்பெனி என்றால் மூன்று பேர். லரிசா, நிரல் எழுதும் அன்செல்ம், நான். வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண்களின் போனில் எங்கள் ஆப் இருக்கிறது. இன்று யார் வீட்டுக்குப் போக வேண்டும், எத்தனை மணிக்கு, என்ன மாத்திரை, எல்லாம் அதில் வரும். மாவட்டச் சுகாதார அலுவலகம் இதைச் சோதித்துப் பார்க்கிறது. மார்ச்சில் வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு சொல்வார்கள். வேண்டாம் என்றால் கடையை மூட வேண்டியதுதான்.

அன்செல்ம் ஒரே ஆள். மார்ச்சுக்குள் ஒரு பெரிய வேலையைத்தான் செய்ய முடியும். எது என்பதுதான் கேள்வி. சுவர் முழுக்க அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு புது வசதி. வெள்ளிக்கிழமை ஆளுக்கு மூன்று பச்சை ஸ்டிக்கர். பிடித்த அட்டையில் ஒட்ட வேண்டும்.

லரிசாவுக்கு ஒரு சட்டம் உண்டு. பெயர் இல்லாத அட்டை சுவரில் ஏறாது. "எல்லாரும் விரும்புவாங்கன்னு யார் வேணா சொல்லலாம் மாமா. யாரு, எந்த ஊரு, பேரு என்ன? அது தெரிஞ்சா எழுதுங்க."

மேலே இருக்கும் அட்டை: சிக்னல் இல்லாத இடத்திலும் ஆப் வேலை செய்ய வேண்டும். பெயர், குவெண்டா பக்கெட். கப்பெல் பள்ளத்தாக்கில் போய்வரும் பணிப்பெண்களுக்குத் தலைவி. இன்று அவள் போனை நான்தான் எடுத்தேன். "கீழ டவர் எடுக்காது. காலையில பட்டியலை மாத்தினா எங்களுக்குத் தெரியாது. ஆறு தடவை சொல்லிட்டேன்." அவ்வளவுதான். வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னாள். இப்படிச் சொன்னால் யாருக்கு மனம் இளகும்?

அக்டோபர் 19, வெள்ளி

இன்று என் நாள்!

எழுந்து நின்று டில்டா ஃப்ரோஸைப் பற்றிச் சொன்னேன். வயது எண்பத்தொன்று. வடீனா ஊர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருவாள். கால்கரியில் இருக்கும் மகன் கூப்பிடுவான் என்று. சாயங்காலம் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பாள். அடுத்த ஞாயிறு அதே சட்டை. பணிப்பெண் வேலை முடிந்து கிளம்பும்போது ஆப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால், மகனுடைய போனில் மணி அடிக்க வேண்டும் — 'உங்கள் அம்மா இங்கே இருக்கிறார், ஒரு நிமிடம் பேசுங்கள்' என்று. அவளாகக் கூப்பிட்டால் தொந்தரவு என்று நினைத்துவிடுவானாம். அதனால் மணி.

அன்செல்ம் வாய்க்குக் கொண்டுபோன பெரோகிக் கொழுக்கட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். "பெரியவரே, சாப்பாட்டு நேரத்துல இப்படியா" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஓட்டு. என் மூன்றும் டில்டாவுக்கு. அன்செல்ம் இரண்டைக் குவெண்டாவுக்கும் ஒன்றை டில்டாவுக்கும் ஒட்டினான். லரிசா இரண்டைக் குவெண்டாவுக்கு ஒட்டினாள். நாலுக்கு நாலு. கடைசி ஸ்டிக்கரை விரல் நுனியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் தெரியுமா? பிறகு டில்டாவின் அட்டையில் ஒட்டினாள்.

"குவெண்டா பொறுத்துக்குவாங்க. இந்தம்மாவுக்கு எண்பத்தொண்ணு" என்றாள்.

கதை சொல்லத் தெரிந்தவனுக்குப் படிப்பு எதற்கு?

நவம்பர் 6, செவ்வாய்

அன்செல்ம் தினமும் காலையில் "டில்டா எப்படி இருக்காங்க?" என்கிறான். முழங்கால் வலி என்று சொல்லி வைத்தேன்.

டிசம்பர் 14, வெள்ளி

மணி தயார். பதினொரு குடும்பங்கள் நன்றி சொல்லிப் போன் செய்தன. வெளியில் நாற்பது என்று சொல்லிக்கொள்கிறேன். மெல்வில் ஊரிலிருந்து ஒரு மனிதன், அப்பாவோடு ஒன்பது மாதம் கழித்துப் பேசினானாம். என்ன பேசினீர்கள் என்றேன். "பனி பத்தி" என்றான். அழுதான். இது கட்டிச் சொன்னது இல்லை, நிஜமாகவே அழுதான்.

மதியம் குவெண்டாவின் போன்.

"ஓரெஸ்ட், எங்க விஷயம் என்னாச்சு?"

"சுவத்துல ரெண்டாவது இடத்துல இருக்கும்மா. அடுத்தது உங்களோடதுதான்."

"நான் ரெண்டாவதா நின்னா பரவாயில்ல. எங்க கிழவங்க நிக்க மாட்டாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜனவரி 29, செவ்வாய்

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.

எவால்ட் டிர்க்ஸ். எழுபத்தேழு வயது, பள்ளத்தாக்கில் தனியாக இருப்பவர். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போக வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். காலையில் பட்டியலை மாற்றி இன்னொரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறார்கள். அவள் அப்போது கீழே, சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தாள். போனில் பழைய பட்டியல். அதில் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஒழுங்காகப் போனாள். ஞாயிறும் அதே கதை. இவள் போயிருப்பாள் என்று அவள், அவள் போயிருப்பாள் என்று இவள். நேற்று மதியம் குவெண்டா தானே போய்ப் பார்த்திருக்கிறாள். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்தாராம். உயிர் இருந்தது. இரண்டு நாள் கிடந்திருக்கிறார்.

இரண்டு நாள்! என்ன நினைச்சிருப்பார்? யாராவது வருவாங்கன்னுதானே? வாசல் சத்தம் கேட்கும்போதெல்லாம் — வேண்டாம். எழுத முடியல.

பிப்ரவரி 6, புதன்

எவால்ட் டிர்க்ஸ் இன்று விடியற்காலையில் போய்விட்டார். நிமோனியாவாம்.

பிப்ரவரி 22, வெள்ளி

சுகாதார அலுவலகத்திலிருந்து கடிதம், ஆப் வேண்டாம் என்று. ஒரே பக்கம். மார்ச் வரைகூடக் காத்திருக்கவில்லை. குறை சொல்ல என்ன இருக்கிறது?

இன்று ஓட்டு கிடையாது. ஸ்டிக்கர் தாள் மேசையில் அப்படியே கிடந்தது. அன்செல்ம் தன் கீபோர்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். போகும்போது என் தோளைத் தட்டி, "உங்க மேல தப்பில்ல பெரியவரே, நீங்க கேள்விப்பட்டதைத்தானே சொன்னீங்க" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

லரிசா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "கடைசி ஸ்டிக்கரை ஒட்டினது நான்தான் மாமா."

மேசையில் கிடந்த ஸ்டிக்கர் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

அட்டையில் பெயர் இருக்கும் எல்லோரையும் நேரில் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்கிறாள். "பேரை வாங்கினோம்ல. மூடுறதையும் நேர்ல போய்த்தான் சொல்லணும்." என் வண்டியில்தான் போகிறோம். இதுவரை ஒன்பது வீடு.

இன்று குவெண்டா. சமையலறையில் உட்கார வைத்தாள், காபி கொடுத்தாள், சஸ்கட்டூன் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தை வெட்டி வைத்தாள். எவால்டைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. லரிசா மன்னிப்புக் கேட்டபோது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்களுக்கு முன்னாடி ஒரு அம்மாவோட வேலையைச் செஞ்சீங்களே, அவங்களுக்காவது பிரயோஜனமாச்சா?"

"ஆச்சு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்வது?

மார்ச் 8, வெள்ளி

சுவரில் ஒரே ஒரு அட்டை. "டில்டா அட்ரஸ் கொடுங்க மாமா, திங்கட்கிழமை போயிட்டு வந்துடலாம்" என்றாள்.

வழி எனக்குத் தெரியும் என்றேன்.

என்ன வழி? டில்டா ஃப்ரோஸ் என்று ஒருத்தி கிடையாது. வடீனாவில் இல்லை, எங்கேயும் இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஸ்டெஃபா அக்கா. லரிசாவின் அம்மா. கூப்பிடாமல் இருந்தவன் மகனும் இல்லை, நான்தான். ஞாயிற்றுக்கிழமை பேசலாம் அக்கா என்று சொல்லியிருந்தேன். வாரா வாரம் சொன்னேன். லாரியில் இருந்தேன், சீட்டாட்டத்தில் இருந்தேன், சும்மா இருந்தேன். அக்கா போன பிறகு அந்த நல்ல சட்டையைப் பற்றி என்னிடம் சொன்னது பக்கத்து வீட்டுக்காரி. லரிசா அப்போது வான்கூவரில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது.

என் பெயரை அட்டையில் எழுதியிருக்கலாம். சட்டத்துக்கு அதுவே போதும். ஓரெஸ்ட் ஹ்ரின்கிவ், ரெஜைனா. ஒரு ஸ்டிக்கர்கூட விழாதே என்று நினைத்தேனா? இல்லை, அவள் கேட்பாளே, யாரை மாமா கூப்பிடாமல் இருந்தீர்கள் என்று.

மார்ச் 11, திங்கள்

சொல்லிவிட்டேன். வடீனாவுக்குப் பாதி வழியில், இரண்டு பக்கமும் வெறும் பனி வயல், வண்டியை ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை. லரிசா கியர் மேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க மாமா. அம்மா இருந்தா உங்க காதைத் திருகியிருப்பாங்க, அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாங்க" என்றாள். இருவரும் அழுதோம், சிரித்தோம். அப்படியே வண்டியைத் திருப்பி, வழியில் சூப் குடித்துவிட்டு வீடு வந்தோம். மனம் லேசாக இருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

பதினொன்றாம் தேதி எழுதியதில் நான் அவளிடம் சொன்னது வரைக்கும் உண்மை. அவள் கையைப் பிடித்தது நான் சேர்த்தது. சூப்பும் கிடையாது.

"எவால்டுக்கு நிஜமாவே பேரு இருந்துச்சு மாமா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். அந்தக் குளிரில் எங்கே போகிறாள் என்று பயந்து நானும் கதவைத் திறந்தேன். எங்கேயும் போகவில்லை. பின் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். ரெஜைனா வரைக்கும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.