ஆறாவது படிவம்

ஜூன் 4

அன்புள்ள தலைக்கு,

வால் எழுதுவது. மனநல மருத்துவர்களைத் தலைவர்களாக்கும் ஆறு வாரப் பயிற்சியில் முதல் நாளே செல்போனைப் பிடுங்கிக்கொண்டார்களாமே! போன வருஷம் பள்ளியில் எனக்கு நடந்ததுதான். அனுதாபங்கள்.

உங்கள் நாற்காலியில் அம்மா மடிக்காத துணியாகப் போட்டு ஒரு மலையே எழுப்பிவிட்டாள். திரும்பி வந்தால் ஏறித்தான் உட்கார வேண்டும்.

உங்கள் வார்டு பெரிய சிஸ்டர் வந்தார். உங்களைப் பற்றிப் பேர் போடாமல் எழுதும் மதிப்பீட்டுப் படிவங்களாம். ஐந்து பேர் எழுதி ஒட்டிய ஐந்து உறைகளைக் கொடுத்து, "தபால்ல சேத்துடு கண்ணு. பிரிச்சுப் பாத்தே, ஊசிதான்" என்றார். பிரிக்கவில்லை. சேர்த்துவிட்டேன்.

தலைமை தாங்கச் சொல்லித்தருவதில் எனக்கும் கொஞ்சம் அனுப்புங்கள். வகுப்பில் என் பேச்சைக் கேட்க மூன்றே பேர்தான், அதில் ஒருத்தி தூங்குமூஞ்சி.

உங்கள்
வாலு

ஜூன் 15

அன்பு வாலுக்குட்டி,

உன் கடிதத்தைப் பக்கத்து அறை டாக்டருக்கும் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

நேற்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் படிவங்களை உரக்க வாசித்தோம். எனக்கு ஐந்திலும் புகழ்ச்சிதான். ஆறாவது இது: 'நோயாளி பேசினால் மணிக்கணக்கில் கேட்பார். கூடவே இருக்கிறவர்கள் பேசினால் கோப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார். என்னிடம் கடைசியாக எப்போது ஒரு கேள்வி கேட்டார்? நினைவில்லை.'

பாதியிலேயே நிறுத்திப் படிவத்தை மடித்துவிட்டேன். பேர் இல்லாவிட்டால் என்ன, இருபது வருஷமாக மனசைப் படிக்கிறவனுக்கு எழுதியது யாரென்று தெரியாதா? பதினோரு வருஷம் கூடவே இருப்பவர் பெரிய சிஸ்டர் ஒருவர்தான். தலைவன் என்றால் மனதில் வைத்துக்கொள்ளாமல் பேசிவிட வேண்டும் என்கிறார்கள். அவருக்கே எழுதிவிட்டேன்: 'முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை.'

நன்றாகப் படி.

அப்பா

ஜூன் 22

அப்பா,

இந்தக் கடிதத்தில் ஜோக் கிடையாது. முயன்றேன், வரவில்லை.

அதை எழுதியது நான். சிஸ்டர் கொடுத்த உறைகளோடு எழுதாத படிவம் ஒன்றும் காலி உறையும் மிச்சம் இருந்தன. உங்களைக் கலாய்க்கத்தான் எடுத்தேன். குளியலறையில் நீங்கள் பாடுவதை வார்டில் பாடினால் எல்லோரும் குணமாகி ஓடிவிடுவார்கள் என்று எழுத நினைத்தேன். பேனா வேறு என்னவோ எழுதிவிட்டது. ஐந்து உறை என்று உங்களுக்குச் சொல்லியிருந்தேனே அப்பா. ஆறு வந்ததே, இடிக்கவில்லையா?

நேற்று வார்டுக்குப் போய் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். மேஜையில் உங்கள் கடிதம். அதன்மேல், வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டு அவர் எழுதிய விண்ணப்பம். காதைத் திருகுவார் என்று நின்றேன். திருகவில்லை.

"நீ வெளையாட்டுப் புள்ள, உம்மேல கோவமில்ல கண்ணு. பதினோரு வருஷம். 'நீங்களா எழுதினீங்க'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? அதையும் கேக்கல பாரு."

விண்ணப்பத்தைக் கிழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். உடனே அவருக்கு எழுதுங்கள் அப்பா. ஒருவேளை இருந்துவிடுவார்.

நான்

ஜூலை 6

அன்பு மகளுக்கு,

சிஸ்டருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஒரே வரியில் பதில்: 'பரவாயில்லை டாக்டர்.' மனிதர்கள் அந்தச் சொல்லை எப்போது சொல்வார்கள் என்பது என் தொழிலில் தெரிந்த விஷயம். குழந்தைகள் வார்டில் சேர்ந்துவிட்டாராம்.

உன்மேல் கோபம் இல்லை. வார்டில் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தவனுக்கு உன் முகம் தோன்றவே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்கக் கிளம்பினேன். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, உன்னிடம் முதலில் என்ன கேட்பது என்று யோசித்தேன். புது நோயாளி என்றால் 'தூக்கம் எப்படி இருக்கு?' என்று தொடங்குவேன். உனக்கு எந்தப் பாடம் கஷ்டம், யாரோடு சண்டை, எதற்கு அழுவாய், ஒன்றும் தெரியாது. மூன்று பேருந்துகள் போய்விட்டன. நான்காவதும் கிளம்பியதும் எழுந்து இங்கேயே திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் தருகிறார்கள். சனிக்கிழமை காலை வீட்டில் இருப்பேன். என்ன கேட்பதென்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பா