சாம்பல் பச்சை

மார்ச் 3, செவ்வாய்

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் ஹாலில் இருந்த சாமான் எல்லாம் நடுவில் குவிந்து கிடக்கிறது. மேலே பழைய போர்வை. இவர் ஏணியில் நிற்கிறார். ஒரு சுவர் முழுக்கப் பச்சை.

பச்சை என்றால் கிளிப் பச்சை இல்லை, இலைப் பச்சை இல்லை. சாம்பலைக் கரைத்து ஊற்றிய மாதிரி, வெளுத்து, சத்தமே இல்லாத ஒரு பச்சை. கடைக்காரரின் அட்டையில் இதற்குக் 'காலைப் பனி' என்று பேராம். பனியாம்!

"கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குல்ல?" என்றார்.

என்ன சொல்வது? பதினெட்டு வருடமாக நான் நிற்கிற ஆபரேஷன் தியேட்டரின் சுவர் இதே நிறம். திரை இதே நிறம். நோயாளி மேல் விரிக்கிற துணி, நான் மாட்டுகிற அங்கி, தலையில் கவிழ்க்கிற தொப்பி, எல்லாம் அச்சு அசல் இதேதான். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிவருகிறேன். வீட்டில் இது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் இவர் இன்று சவரம் செய்திருந்தார். சோப்புக் கம்பெனியை மூடி ஏழு மாதம். பேக்கிங் பிரிவில் நாற்பது பேரை வேலை வாங்கிய மனிதர், இந்த ஏழு மாதத்தில் மூன்று முறை கூப்பிட்டால்தான் சாப்பிடவே எழுவார். அவர் தானாகக் கடைக்குப் போய், வாளி தூக்கி வந்து, ஏணி இரவல் வாங்கியிருக்கிறார்.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

ஹால் முடிந்தது. சமையலறையைத் தொடங்கிவிட்டார். கேட்டால், "பெயிண்ட் மிச்சம் இருக்கு. வீணாப் போயிடும்ல?"

மார்ச் 8, ஞாயிறு

சமையலறை பாதியிலேயே மிச்சம் தீர்ந்துவிட்டது. புது வாளி வந்தது. சமையலறை முடிந்ததும் அதில் மிச்சம். அந்த மிச்சத்துக்கு மகளின் அறை. இந்தக் கணக்கு யாருக்காவது புரிந்தால் எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கட்டும்.

மகள் கெஞ்சிப் பார்த்தாள். "அப்பா, எனக்கு லேசா ஊதா கலர் அடிச்சுக் குடுங்கப்பா."

"அது ஒத்து வராதும்மா. வீடு பூரா ஒரே மாதிரி ஓடணும்."

ஓடணுமாம். வீடு எங்கே ஓடுகிறது? ஓடுவதானால் நான்தான் ஓட வேண்டும்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். அடுத்த தெருதான், வாரம் ஒருமுறை வந்து குறை கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "என்ன அண்ணி இது, பாசி புடிச்ச தொட்டிக்குள்ள வந்த மாதிரி இருக்கு? அண்ணன்தான் பொழுது போகாம ஏதோ பண்றான்னா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவளிடம் விட்டுக்கொடுக்க மனமில்லை. இவர் கதவுக்குப் பின்னால் தூரிகையோடு நின்று அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். போச்சு.

மார்ச் 11, புதன்

குளியலறைக் கதவும் பச்சை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

மார்ச் 14, சனி

செருப்பு அலமாரி. பூந்தொட்டிகள். கண்ணாடிச் சட்டம். இவருடைய இடது காது. என் சீப்பு! சீப்பை நான் ஈரச் சுவர் பக்கமே கொண்டுபோகவில்லை. எப்படி அதில் வந்தது?

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்குக் கண்ணில் கோளாறே இல்லை, கண்டதெல்லாம் பச்சை.

சிரிப்பாக எழுதிவிட்டேன். ஆனால் இன்று நடந்தது சிரிப்பு இல்லை. தியேட்டரில் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் பஞ்சுத் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று உள்ளே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. எண்ணும்போது சுவரைப் பார்த்தேன். அடுப்பில் பால் வைத்தேனா, அணைத்தேனா என்று மனம் சமையலறைக்குப் போய்விட்டது. பெரிய டாக்டர், "சிஸ்டர், எண்ணிக்கை?" என்றார். அப்புறம் மறுபடியும், "சிஸ்டர்?"

முதலிலிருந்து எண்ணினேன். சரியாக இருந்தது. இந்தப் பதினெட்டு வருடத்தில் யாரும் என்னிடம் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவரிடம் மெதுவாகச் சொன்னேன். "படுக்கையறை மட்டும் வேண்டாங்க. வெள்ளையாவே இருக்கட்டும்."

"சரி" என்றார்.

"சும்மா சொல்லாதீங்க. நிஜமா வேண்டாம்."

"சரிம்மா, விட்டுட்டேன்."

மார்ச் 17, செவ்வாய்

படுக்கையறை வெள்ளையாகவே இருக்கிறது. கொஞ்ச நேரம் உள்ளே போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலை எட்டு மணிக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். சாலை விபத்து. பத்தொன்பது வயது, என் மகளைவிட ஒரு வயது கூட. காலில் கொலுசு இருந்தது, நான்தான் கழற்றினேன். ஆறு மணி நேரம் போராடினோம். இரண்டரை மணிக்கு எல்லாம் முடிந்தது. வெளியே அவளுடைய அப்பாவிடம் கொலுசையும் கைப்பையையும் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "நன்றி சிஸ்டர்" என்றார். நன்றி! எதற்கு?

வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் நேரே படுக்கையறைக்குப் போனேன். நான்கு சுவரும் பச்சை.

இவர் தரையில் உட்கார்ந்து கடைசி மூலையை முடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "திடீர்னு பாத்தா நீ அசந்து போவேன்னு நெனச்சேன்" என்றார்.

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன்? "பொணம் கெடக்குற இடம் மாதிரி ஆக்கிட்டீங்களே வீட்ட!" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்குக்கு நரம்பில்லை. "ஏழு மாசமா வீட்ல உக்காந்துக்கிட்டு உங்களுக்கு வேற வேலை இல்ல, என் உயிர வாங்குறீங்க" என்றேன்.

தூரிகையைத் தண்ணீரில் போட்டார். மூலையில் கையகலம் வெள்ளையாக நின்றுவிட்டது. எழுந்து போய் ஹாலில் படுத்துக்கொண்டார்.

மார்ச் 25, புதன்

தூரிகை இன்னும் அதே தண்ணீரில் கிடக்கிறது.

மார்ச் 29, ஞாயிறு

ஐந்து நாள். சவரம் இல்லை. கூப்பிட்டால் எழுந்து வந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி சோபா. மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாகிட்ட என்னம்மா சொன்ன?" என்றாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. வேண்டாம் என்று சொன்னதை மீறிச் செய்தவர் அவர். குற்றவாளி மாதிரி நடமாடுகிறவள் நான். இது எந்த ஊர் நியாயம்?

ஆனால் அந்த ஒரு வார்த்தை. நூறு தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், அதற்கு நியாயமே கிடைக்கவில்லை.

ஏப்ரல் 1, புதன்

இன்று விடுமுறை. மகள் கல்லூரிக்குப் போனதும் சோபா அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க" என்றேன். மேலே பார்த்தபடியே, "நெஜத்தத்தான சொன்ன?" என்றார்.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி. கொலுசு, ஆறு மணி நேரம், அவளுடைய அப்பா. பேசிக்கொண்டே போனேன். தியேட்டரில் என்ன நிறம், எத்தனை வருடமாக அந்த நிறம், எண்ணிக்கை தப்பப் பார்த்தது — எல்லாம். இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இத ஒரு தடவையாவது சொல்லிருக்கியா?"

"ஆபரேஷன் தியேட்டர் பச்சையா இருக்கும்னு ஊருக்கே தெரியுமே!"

"படத்துல பாத்திருக்கேன். ஆனா நீ தினம் அதுக்குள்ள நிக்கறேன்னு தோணினதே இல்ல. ஆஸ்பத்திரில இருந்து வந்து நீ எதுவும் சொன்னதே இல்லையே? சீருடையக்கூட அங்கேயே கழட்டிட்டு வந்துடுவ. நல்லா இருக்குன்ன. பிடிச்சிருக்குன்னு என் தங்கச்சிகிட்டயே சொன்ன. படுக்கையறை வேண்டாம்னது, எனக்கு எதுக்குச் சிரமம்னு நீ சொல்றதா நெனச்சேன்."

வேலையை வாசலோடு விட்டுவிட்டு வருவது பெரிய நல்ல குணம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

"ஏன் இந்த நிறம்?" என்று கேட்டேன்.

"அட்டையில எத்தனையோ இருந்துச்சு. ஒவ்வொண்ணும் என்னைப் பாத்து ஏதோ கேக்கற மாதிரி இருந்துச்சு. அடுத்து என்ன பண்ணப் போற, அடுத்து என்ன பண்ணப் போறன்னு. இது ஒண்ணுதான் எதுவும் கேக்கல."

நான் எழுந்து போய்த் தேநீர் போட்டேன். அழுதது தெரியக் கூடாது என்றுதான். சமையலறையிலும் அந்தப் பச்சைதான் நின்றது. முதல் முறையாக அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

தீர்ப்பு: ஹாலும் சமையலறையும் பச்சையாகவே இருக்கும். மகளுக்கு ஊதா. படுக்கையறைக்கு நான் சொல்கிற நிறம். அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்.

நான்கு நாளாகப் பார்க்கிறேன். காலையில் பிடித்த நிறம் சாயங்காலம் பிடிக்கவில்லை. "ஒரு மாசமா என்னத் திட்டினியே, இப்ப நீயே சொல்லேன்" என்கிறார். சவரம் செய்திருக்கிறார். எரிச்சலாக இருக்கிறார். பார்க்க நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

செங்கல் நிறம் அடித்தாயிற்று. அடுப்புக்குள் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. வியர்க்கிறது. செத்தாலும் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். பொய் சொல்லிப் பட்டது போதும். "கண்ராவியா இருக்குங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் எதற்கோ வந்தவர் ஹாலிலேயே நின்றுவிட்டார். சுவரும் கூரையும் சேருகிற விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஒரு பிசிறு இல்ல. யார் அடிச்சது? எங்க வீட்டுக்கும் வரச் சொல்லுங்க. அந்தப் பச்சை மட்டும் வேண்டாம்."

இவர் என்னைப் பார்த்தார். நாத்தனார் — அவளும் இருந்தாள், இல்லாமல் இருப்பாளா — டீச்சர் போகும்வரை பொறுத்திருந்து வெடித்தாள். "சூப்பர்வைசரா இருந்தவன் அடுத்தவங்க வீட்டுச் சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கறதா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க அண்ணி?"

"அந்த நாலு பேர் வீட்டுக்கும் அடிச்சுக் குடுப்பார். முதல்ல உன் வீட்டுச் சமையல்கட்ட காட்டு, கரி புடிச்சுக் கெடக்கு" என்றேன்.

இவர் பின்கட்டுக்குப் போய் தூரிகைகளை வரிசையாக வைத்துக் கழுவ ஆரம்பித்தார்.

மே 4, திங்கள்

தியேட்டரில் மூன்று கேஸ். கால் வலி உயிர் போகிறது. ஆறு மணிக்கு வந்தால் வீடு பூட்டியிருக்கிறது.

பூட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்பது மாதமாக இந்த வீட்டில் எப்போதும் யாராவது இருந்தார்கள். பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினேன். என் சாவி எங்கே என்றே நினைவில்லை. மகளுக்கு ஏழு மணி வரை வகுப்பு. இவருக்குப் போன் செய்தால், "ஏணி மேல இருக்கேன், டீச்சர் வீட்டு மாடிப்படிச் சுவர் ஒரு கை பாக்கி. ஈரம் காயறதுக்குள்ள முடிச்சாகணும். அரை மணி நேரம் உக்காரு" என்று வைத்துவிட்டார். இங்கே ஒருத்தி நிற்கிறாள் என்ற நினைப்பு இருக்கிறதா அந்த மனிதருக்கு?

படியில் உட்கார்ந்தேன். அரை மணி என்றது முக்கால் மணி ஆயிற்று. எதிர்வீடு பத்தடி தூரம்தான், போய்ச் சாவியை வாங்கி வந்திருக்கலாம். போகவில்லை. திறந்திருந்த ஜன்னல் வழியாக அவர் டீச்சரையே, "வாளிய அங்க வைக்காதீங்க டீச்சர், எட்டி நில்லுங்க" என்று அதட்டுவது கேட்டுக்கொண்டிருந்தது.