இல்லாத கிரகம், இல்லாத பீடி

என் தங்கத் தம்பி முருகேசா,

புளூட்டோ இனி கிரகமில்லையாம். டீக்கடைப் பேப்பரில் பார்த்தேன். நீ இருந்திருந்தால் கல்லூரியில் கத்தியது போதாதென்று வீட்டுக்கு வந்து என்னிடமும் கத்தியிருப்பாய்.

விருதுநகர் கல்லூரியில் கோடை லீவு விட்டதும் என்னோடு ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனிக்கு மருந்து கலக்க வந்தாயே. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், அலுமினியப் பொடி அப்பிய விரலால் தரையில் முட்டை மாதிரி ஒரு வட்டம் போட்டாய்.

"யக்கா, புதன் இப்படித்தான் சூரியனச் சுத்துது. ஆனா இந்த வட்டமே கொஞ்சங்கொஞ்சமாத் திரும்புது. பழைய ஈர்ப்பு விதிப்படி கணக்குப் போட்டா அம்புட்டுத் திரும்பக் கூடாது. விதியச் சந்தேகப்படாம, பக்கத்துல இன்னொரு கிரகம் இருந்து இழுக்குதுன்னு பேரும் வச்சுட்டாக. தேடுனா, அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. பெறகு வந்த புது விதிதான் அந்த வித்தியாசத்தச் சரியாச் சொல்லுச்சு."

"சோத்தத் தின்னுலே" என்றேன்.

மறு வாரம் காலையில் முதல் ஆளாக மருந்து அறைக்குள் போனாய். உன்னைச் சாக்கில் பொறுக்கிக் கொடுத்தார்கள். கலந்த மருந்து மிஞ்சினால் அன்றைக்கே அழித்துவிட வேண்டும். ராத்திரி வைத்தால் தானே சூடேறி வெடித்துவிடும். ஆர்டர் அவசரமென்று, முந்தின நாள் மிஞ்சியதை அறையிலேயே வைக்கச் சொன்னார் ஃபோர்மேன். என் காதுபடச் சொன்னார். அதே வாய் நம் வீட்டு வாசலில் நின்று, "ஒங்க மகன் பீடி பத்த வச்சுட்டான் ஆத்தா, நாங்க என்ன செய்ய?" என்றது.

பீடிப் புகை வந்தால் பஸ்ஸில் சீட் மாறி உட்காருகிற நீயா?

அம்மா நம்பிவிட்டாள். அந்த ஆளுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். பதினாறாம் நாள் படையலில், உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்புக்குப் பக்கத்தில் ஒரு பீடிக்கட்டை வைத்தாள். "எனக்குப் பயந்து ஒளிச்சுக் குடிச்சிருக்கான், பாவம். இன்னைக்காவது நிம்மதியாக் குடிக்கட்டும்" என்று அழுதாள். அவன் குடிக்கவே மாட்டானென்று நான் கத்தினால், "செத்தவனப் பத்தி இனி என்னத்தடி மறைக்க?" என்கிறாள்.

அந்த இல்லாத கிரகத்துக்குப் பேர் வைத்தவர்கள் வானத்தில் தேடியாவது பார்த்தார்கள். உன் பீடியை யார் தேடினார்கள்?

நாளை விசாரணைக்கு அதிகாரி வருகிறார். வேலை வேண்டுமானால் வாயைத் திறக்காதே என்று ஃபோர்மேன் சொல்லியனுப்பியிருக்கிறார். வேலை போகட்டும், மிஞ்சிய மருந்தைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். அதிகாரியைக்கூட நம்ப வைத்துவிடலாம். அம்மாவை எப்படி நம்ப வைப்பேன்? பீடி இல்லையென்றால், பிள்ளையைக் கொன்றவனுக்குத் தன் கையால் மோர் கொடுத்தவள் ஆகிவிடுவாளே.

ஆனாலும் அவளிடம் சொல்லுவேன். வருடத் திதிக்கு உன் இலையில் கருவாட்டுக் குழம்பு இருக்கும். பீடி இருக்காது.

அன்றைக்கு உன்னைச் சோறு தின்னச் சொன்ன
உன் அக்கா,
மாரியம்மாள்