குடியால் வந்த நோய் இல்லை

அன்பு மகன் ரகுபதிக்கு அம்மா வேலம்மா எழுதுவது. மஸ்கட் வெயிலில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பொய் எழுத மனசு வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன், உன் தங்கச்சி வைதேகி இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள்.

அப்பாவுக்கு ஆடி மாதத்திலிருந்தே கால் குடைச்சல், விட்டு விட்டுக் காய்ச்சல், பாதமெல்லாம் சிவப்புத் திட்டு. ரங்கநாதன் தெருவில் நாளெல்லாம் ஜவுளி மூட்டை தூக்குகிற உடம்பு, வலிக்கத்தானே செய்யும் என்று நானும் தைலம் தேய்த்துவிட்டேன். போன வாரம் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஈரலைச் சுற்றி ஒரே ரத்தம். வந்தவர் போனவர் எல்லோரும் முதலில் கேட்டது குடிப்பாரா என்றுதான். எப்போதோ விட்டுட்டேன் என்று இவர் சொன்னதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

உன் அத்தை சொர்ணம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா, லிவர் போச்சு என்று உனக்குப் போன் போட்டாள். நீ சொன்னாயே, "குடிச்சுக் குடிச்சு அவரே கெடுத்துக்கினாரு, நான் இன்னா பண்றது, அனுபவிக்கட்டும் வுடு" என்று. அத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் ரகு. அப்பா பக்கத்தில்தான் படுத்திருந்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு உன் மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவர் குடித்துவிட்டு உன்னை அடித்ததை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ பத்தாவது படிக்கும்போது விட்டவர் விட்டவர்தான், அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை, கூடவே இருக்கிற எனக்குத் தெரியாதா.

அப்புறம் பெரிய டாக்டரம்மா வந்து சொன்னார், இது குடியால் வந்ததே இல்லையாம். உடம்பைக் காக்கிற சக்தியே திசைமாறி ரத்தக்குழாயைத் தாக்கிப் புண்ணாக்கிவிட்டதாம், ஈரலுக்குப் போகிற குழாய் சைக்கிள் டியூப் மாதிரி அங்கங்கே புடைத்து, அதில் ஒன்று வெடித்துவிட்டதாம். தொடை வழியாகக் கம்பி விட்டு அதை அடைத்தார்கள். இன்னும் இரண்டு புடைப்பு இருக்கிறது. புண் ஆற மருந்து ஏறுகிறது, அது வேலை செய்வதற்குள் இன்னொன்று வெடித்தால் தாங்க மாட்டார் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு நான் அழுகிறேன், இவர் என்னடாவென்றால் டாக்டரம்மாவைக் கும்பிட்டு, "குடியால இல்லன்னு என் புள்ளைக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்கிறார். பாவம், அந்த அம்மாவும் அங்கேயே நின்று உனக்கு இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். நீ எடுக்கவில்லை.

மிச்சமிருக்கிற இரண்டையும் அடைக்க நாளைக் காலையில் மறுபடி கம்பி விட உள்ளே கொண்டுபோகிறார்கள். நீ கூப்பிடுவாய் என்று அப்பா போனைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார், சார்ஜ் போய்விடும் என்று வைதேகியைக்கூடத் தொட விடுவதில்லை.

நீ நல்லாயிருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடி. எனக்குப் போன் செய்ய வேண்டாம், அவருக்குச் செய். மன்னிப்பெல்லாம் அவர் எதிர்பார்க்கவில்லை. சின்ன வயதில் நைனா என்று கூப்பிடுவாயே, அப்படி ஒரு தடவை கூப்பிட்டுவிடு, அது காதில் விழுந்த பிறகு உள்ளே போகட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வேலம்மா