பிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பது

தவமலர்,

பழைய பிரிட்ஜை ஏற்றிப்போக லொறிக்காரர் மதியம் வருவார். கூலி ஐயாயிரம் ரூபா மேசையில் இருக்கிறது.

"செத்த பிரிட்ஜையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று நேற்று நீ கத்தினாய். இத்தனை நாள் அதை ஏற்றிப்போக விடாமல் நான் தடுத்தது கூலிக்குப் பயந்து அல்ல. அதன் பின்னால், குசினியின் மலைப்பக்கச் சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது. போன மழையில் என் விரல் நுழைந்தது. பிறகு பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நகர்த்தியதும் நீ பார்.

சோறு மூடி வைத்திருக்கிறேன். நம் பிள்ளையைக் குசினியில் விளையாட விடாதே.

இன்னொன்று. வெடிப்பில் உன் கையே நுழைந்தால் பிரிட்ஜ் அங்கேயே கிடக்கட்டும். அந்தக் கூலிக்கு உங்கள் இருவரையும் லுணுகலையில் அக்கா வீட்டில் இறக்கிவிடும்படி லொறிக்காரரிடம் சொல். வேலை முடிந்ததும் நான் நேரே அங்கே வருகிறேன்.